வெலிங்டன் ஊர் வங்கியின் ஐந்து பவுண்டு நோட்டு

இங்கிலாந்தில் வெலிங்டன் என்ற சின்ன ஊரின் வங்கி ஒன்று 1921 வரை தன் சொந்தப் பெயரிலேயே நோட்டு வெளியிட்டதாமே, ஒரு தனியார் குடும்பம் பணம் அச்சடிப்பதை அரசாங்கம் எப்படிச் சும்மா விட்டது, அது கள்ளநோட்டு ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நோட்டு இப்போது கையில் கிடைத்தால் செல்லுமா என்பது கேள்வியின் வால். மூன்றுக்கும் பதில் உண்டு. ஆனால் இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: நோட்டு என்பது என்ன? அது தெளிந்தால் மற்றவை தாமாகவே அவிழ்ந்துவிடும். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தேன், அதில் பாதிக்காலம் கேஷ் கவுன்டரில். ஓய்வு பெற்ற பிறகு பழைய நோட்டுகள் சேர்க்கும் பித்து பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். குன்னூர் பக்கத்தில் இருக்கும் வெலிங்டன் நினைவுக்கு வந்திருக்கும். அதற்கும் இதற்கும் உறவு உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராகப் போரிட்ட ஆர்தர் வெல்லெஸ்லி பிறகு பிரபு ஆனபோது, தென்மேற்கு இங்கிலாந்தில் சாமர்செட் மாவட்டத்திலுள்ள இந்தச் சிற்றூரின் பெயரைத் தன் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். அவர் பெயரால்தான் நீலகிரி வெலிங்டன். மூல ஊரில் அன்று பெரிதாக இருந்தது கம்பளி நெசவு ஒன்றுதான். அதை நடத்தியவர்கள் ஃபாக்ஸ் குடும்பத்தார். குவேக்கர் என்ற எளிய கிறித்தவ சபையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் நெய்த கம்பளித் துணி கிழக்கிந்தியக் கம்பெனி வழியாகச் சீனாவரை போனது. பிற்காலத்தில் சிப்பாய்கள் முழங்காலுக்குக் கீழே சுற்றிக்கொண்ட காக்கிப் பட்டியையும் அவர்கள்தான் ஏராளமாக நெய்தார்கள். ‘பட்டி’ என்ற இந்திச் சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் ‘பட்டீஸ்’ ஆனது.

இந்தக் குடும்பத்தின் தாமஸ் ஃபாக்ஸ் 1787இல் நெசவுத் தொழிலோடு சேர்த்து ஒரு வங்கியும் தொடங்கினார். பின்னாளில் அதன் பெயர் ஃபாக்ஸ், ஃபவுலர் அண்ட் கம்பெனி. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அன்றைய ஊர் வங்கியில் பெரும்பகுதி இப்படித்தான் வேறொரு தொழிலின் திண்ணையில் பிறந்தது. ஒருவர் துணி வியாபாரி, ஒருவர் சாராயம் வடிப்பவர், ஒருவர் வரி வசூலிப்பவர், ஒருவர் வக்கீல். கையில் பணம் புரளும், லண்டனில் கொடுக்கல் வாங்கல் இருக்கும், ஊரில் பெயர் இருக்கும். இந்த மூன்றும் இருந்தால் போதும், ஊர்க்காரர்கள் பணத்தைக் கொண்டுவந்து ‘பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். நம் ஊரில் நகைக்கடைக்காரரிடமும் மண்டிக்காரரிடமும் பணம் கொடுத்து வைத்ததைப் போலத்தான்.

சரி, நோட்டுக்கு வருவோம். அன்றைய ஊர் வங்கி நோட்டில் என்ன எழுதியிருக்கும்? ‘இதைக் கொண்டு வருபவருக்கு, கேட்டவுடன், ஐந்து பவுண்டு கொடுப்பதாக உறுதி கூறுகிறேன்’ என்று. அதன் கீழே ஊர்ப் பெயர், தேதி, வரிசை எண், வங்கிப் பங்குதாரரின் கையெழுத்து. பெரும்பாலும் லண்டனில் எந்த முகவரிடம் மாற்றலாம் என்பதும் இருக்கும். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட தாளில், தேதியையும் எண்ணையும் பேனாவால் நிரப்புவார்கள். இப்போது சொல்லுங்கள், இது என்ன? நாம் புரோநோட்டு என்கிறோமே, அதேதான். கடன் வாங்கியவர் எழுதிக்கொடுக்கும் சீட்டு. சாதாரணப் புரோநோட்டில் யாருக்குத் தர வேண்டும் என்று பெயர் இருக்கும், தவணை இருக்கும். இதில் பெயருக்குப் பதில் ‘கொண்டு வருபவர்’, தவணைக்குப் பதில் ‘கேட்டவுடன்’. இந்த இரண்டு மாற்றம் போதும், கடன் சீட்டு கை மாறிக் கை மாறிக் காசு போல நடக்கத் தொடங்கிவிடும். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். ‘கேட்டவுடன்’ என்ற சொல் இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கி ஆளுநர் ஏறக்குறைய அதே வாக்கியத்தைத்தான் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஆக ஃபாக்ஸ் குடும்பம் அரசன் பெயரில் பணம் அச்சடிக்கவில்லை. ‘நாங்கள் இவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்’ என்று தங்கள் பெயரில் எழுதிக் கொடுத்தது. கடன் சீட்டு எழுதுவது தன்னளவில் குற்றமில்லை. மாறாக, வெலிங்டன் நோட்டைப் பார்த்து வேறொருவன் போலியாகச் செய்திருந்தால் அதுதான் கள்ளநோட்டு. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதற்குத் தண்டனை தூக்கு. புரோநோட்டைப் போலியாகச் செய்பவனுக்கு மரண தண்டனை என்று 1729லேயே சட்டம் வந்துவிட்டது. இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள்: இந்த நோட்டை வாங்கியே ஆக வேண்டும் என்று யாரையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ‘எனக்கு வேண்டாம், தங்கமாகக் கொடு’ என்று கடைக்காரர் சொல்லலாம். 1833இல் பாங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டுக்குக் கிடைத்த சட்டச் செல்லுபடி, ஊர் வங்கி நோட்டுக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அது ஓடியது முழுக்க முழுக்க ஆளைப் பார்த்துத்தான்.

அரசாங்கம் ஏன் விட்டது என்ற கேள்விக்குச் சட்டத்தில் ஒரு பாதி விடை இருக்கிறது. லண்டனிலுள்ள பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்குப் போட்டி வரக்கூடாது என்று 1708இல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஆறு பேருக்கு மேல் பங்குதாரர் உள்ள எந்த நிறுவனமும் நோட்டு வெளியிடும் வங்கி நடத்தக்கூடாது. பெரிய வங்கிக்குத் தடை என்றால் அர்த்தம், சின்ன வங்கிக்குத் தாராளம். அந்த ஓட்டைக்குள்தான் ஊர் வங்கிகள் முளைத்தன. 1810 வாக்கில் லண்டனுக்கு வெளியே எழுநூறுக்கு மேல் இருந்தன. அதற்கு முந்தைய காலத்துக்குச் சொல்லப்படும் எண்ணிக்கைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள். நோட்டு வெளியிட லைசென்ஸ் வாங்க வேண்டும் என்ற விதியே 1808இல்தான் வந்தது. அதற்கு முன் யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை.

மற்ற பாதி விடை, காசுப் பஞ்சம். அந்தக் காலத்தில் அரசாங்க நாணயச்சாலை வெள்ளியும் செம்பும் போதுமான அளவுக்கு அடிக்கவில்லை. ஃபாக்ஸ் வங்கி தொடங்கிய அதே 1787இல், வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த பாரிஸ் செப்புச் சுரங்கம் கூலி கொடுக்கத் தானே செப்புக்காசு அடித்துக்கொண்டது என்றால் நிலைமை புரியும். ஃபாக்ஸ் குடும்பமும் ஆலைத் தொழிலாளிக்குக் கூலி கொடுக்கத்தான் நோட்டு அச்சடித்தது என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு ஒப்புதல் இல்லை. ஐந்து பவுண்டுக்குக் குறைந்த நோட்டை 1777ஆம் ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய முடக்கியிருந்தது. வாரம் முழுக்க உழைத்தும் ஒரு பவுண்டு பார்க்காத தொழிலாளிக்கு ஐந்து பவுண்டு நோட்டைக் கொடுத்து என்ன பயன்? 1787இல் அந்த நோட்டு போயிருக்கக்கூடிய கை கம்பளி விற்ற பண்ணையாரும் நூல் வியாபாரியும்தான் என்பது என் கணிப்பு. 1797இல் தடை தளர்ந்து ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நோட்டுகள் வந்த பிறகுதான் சாதாரண ஜனங்கள் கைக்கு ஊர் நோட்டு இறங்கியது. அதுவும் 1829 வரைதான். பிறகு மறுபடி ஐந்து பவுண்டுதான் குறைந்தபட்சம் என்று ஆக்கிவிட்டார்கள்.

இதே காலத்து இன்னொரு ஊர் வங்கியைச் சொன்னால் நோட்டு எதற்குப் பயன்பட்டது என்பது இன்னும் தெளிவாகும். வேல்ஸில் லாண்டவரி என்ற ஊர். அங்கே டேவிட் ஜோன்ஸ் என்ற மாட்டு வியாபாரி 1799இல் ஒரு விடுதிக் கட்டடத்தில் வங்கி தொடங்கினார். வேல்ஸ் மலையிலிருந்து கறுப்பு மாடுகளை நாள்கணக்கில் நடத்திக்கொண்டு போய் லண்டன் சந்தையில் விற்பது அந்தப் பக்கத்துப் பெரிய வியாபாரம். விற்ற தங்கக் காசை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பினால் வழியில் கொள்ளைக்காரன். அதனால் காசை லண்டன் முகவரிடம் கட்டிவிட்டு, ஊரில் விவசாயிக்குத் தன் நோட்டைக் கொடுப்பது. தங்கம் நடக்க வேண்டாம், சீட்டு நடந்தால் போதும். நம் வணிகர்கள் உண்டியல் எழுதிச் செய்த வேலையும் இதுதான். ஜோன்ஸின் நோட்டில் ஒரு கறுப்புக் காளை படம் போட்டிருக்கும். அதனால் ஜனங்கள் வைத்த பெயர் ‘கறுப்புக் காளை வங்கி’. பக்கத்து அபெரிஸ்ட்வித் ஊரில் இன்னொரு வங்கி ஆட்டுப் படம் போட்டது: ஒரு பவுண்டுக்கு ஓர் ஆடு, இரண்டு பவுண்டுக்கு இரண்டு ஆடு, பத்து ஷில்லிங்குக்கு ஒரு குட்டி. படிக்கத் தெரியாதவர்களுக்காக என்கிறார்கள். அந்த ஆடு 1815இல் படுத்துவிட்டது. காளை 1909 வரை நின்று, பிறகு லாய்ட்ஸ் வங்கியோடு சேர்ந்தது.

வங்கிக்கு இதில் என்ன லாபம் என்று யோசித்திருப்பீர்கள். நோட்டு வெளியே சுற்றும் ஒவ்வொரு நாளும் அது வங்கிக்கு வட்டியில்லாக் கடன். மூவாயிரம் பவுண்டு நோட்டு வெளியே இருக்கிறது, அதில் ஆயிரம் பவுண்டுக்கு மட்டும் தங்கத்தைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி இரண்டாயிரத்தை ஐந்து சதவீத வட்டிக்கு விட்டால் வருடத்துக்கு நூறு பவுண்டு. அன்று சட்டம் அனுமதித்த உச்ச வட்டி ஐந்துதான். சும்மா தாளை அச்சடித்து நூறு பவுண்டு என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் நோட்டோடு வந்து நின்றால்? அங்கேதான் வில்லங்கம்.

1825 டிசம்பரில் அதுதான் நடந்தது. லண்டனில் போல், தார்ன்டன் என்ற வங்கி விழுந்தது. பல ஊர் வங்கிகளுக்கு அதுதான் லண்டன் முகவர். நோட்டு வைத்திருந்த ஒவ்வொருவரும் ஊர் வங்கி வாசலுக்கு ஓடினார்கள். அந்த டிசம்பரிலும் அடுத்த வருடத்திலுமாக அறுபதுக்கும் மேற்பட்ட வங்கிகள் சாய்ந்தன. வெலிங்டன் வங்கி அதையும் தாண்டி வந்தது. இப்படிப்பட்ட நாளில் வங்கிக்காரர் என்ன செய்வார் என்பதைப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லாமல் நானே பார்த்திருக்கிறேன். எண்பதுகளில் நான் இருந்த கிளையில் ஏதோ வதந்தி கிளம்பி, காலை ஒன்பதரைக்கே வரிசை தெரு வரை நின்றது. எங்கள் மேலாளர் தலைமைக் கிளையிலிருந்து பணம் வரவழைத்து, கட்டுக்கட்டாக எல்லார் கண்ணிலும் படும்படி மேஜை மேல் அடுக்கச் சொன்னார். ‘கேட்பவருக்குக் கேட்ட தொகை, முகம் சுளிக்காமல் கொடுங்கள்’ என்றார். மத்தியானத்துக்குள் பாதிப் பேர் எடுத்த பணத்தைத் திரும்பக் கட்டிவிட்டுப் போனார்கள். ஊர் வங்கிகளின் கதைகளிலும் இதே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, பெட்டி நிறையத் தங்கம் குதிரை வண்டியில் வந்து இறங்கியது, கதவைத் திறந்துபோட்டு எண்ணினார்கள் என்று. இதில் எது நடந்தது, எது பேரன் காலத்தில் மெருகேறியது என்பதைத் தனித்தனியே பார்க்க வேண்டும். வழி மட்டும் உண்மையான வழி.

ஃபாக்ஸ் வங்கி ஏன் நின்றது என்பதற்கு என் கணக்கில் இரண்டு காரணம். ஒன்று, பங்குதாரரின் பொறுப்புக்கு எல்லை கிடையாது. வங்கி விழுந்தால் ஆலை, வீடு, தட்டுமுட்டுச் சாமான் வரை கடன்காரருக்குப் போகும். லிமிடெட் கம்பெனிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வசதி அன்று இல்லை. இரண்டாவது, குவேக்கர் சபை. கடனைக் கட்டாமல் திவால் ஆனவரை அவர்கள் சபையை விட்டே விலக்கிவிடுவார்கள். நம்மூர் பாஷையில் ஊர் விலக்கு. இப்படிப்பட்டவர் எழுதிய சீட்டை ஜனங்கள் நம்பியதில் அதிசயமில்லை. நார்விச்சின் கர்னி, பர்மிங்ஹாமின் லாய்ட், லண்டனின் பார்க்லே என அந்தக் காலத்து வங்கிக் குடும்பங்களில் குவேக்கர்கள் நிறையப் பேர் இருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் குவேக்கர் என்றாலே விழமாட்டார்கள் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கர்னி பெயர் தாங்கிய லண்டன் நிறுவனம் ஒன்று 1866இல் விழுந்து ஊரையே உலுக்கியது.

1825ஆம் ஆண்டுக் காயம் ஆறாமலே இருந்ததால், 1844இல் பிரதமர் ராபர்ட் பீல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். உங்கள் கேள்வியிலுள்ள ‘1921’க்கு விடை இதில்தான் இருக்கிறது. புதிதாக எந்த வங்கியும் நோட்டு வெளியிடக்கூடாது. ஏற்கெனவே வெளியிடுபவர்கள் தொடரலாம், ஆனால் அந்த வருடம் ஏப்ரல் 27 வரையிலான பன்னிரண்டு வாரத்தில் சராசரியாக எவ்வளவு நோட்டு வெளியே இருந்ததோ அதற்கு மேல் ஒரு பவுண்டுகூடப் போகக்கூடாது. ஒருமுறை நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது. தனியார் வங்கியில் பங்குதாரர் ஆறு பேரைத் தாண்டினாலோ பெரிய வங்கியோடு சேர்ந்தாலோ உரிமை போய்விடும். விட்டுப்போன உரிமையில் மூன்றில் இரண்டு பங்கை பாங்க் ஆஃப் இங்கிலாந்து தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். யாருடைய தொழிலையும் பீல் பறிக்கவில்லை. வாரிசு இல்லாமல் தானாக வற்றட்டும் என்று விட்டுவிட்டார். அன்று உரிமையோடு இருந்தவை 207 தனியார் வங்கிகளும் 72 கூட்டுப்பங்கு வங்கிகளும் (ஆறு பேர் தடை 1826இல் லண்டனுக்கு வெளியே தளர்ந்த பிறகு வந்த, பங்குதாரர் பலர் உள்ள வங்கிகள்). ஒன்று திவால், ஒன்று இணைப்பு, ஒன்று மூடல் என்று எழுபத்தேழு வருடத்தில் எல்லாம் வற்றி, கடைசியில் மிஞ்சியது வெலிங்டன்.

இங்கே ஒரு வேடிக்கை. ரயில் வந்த பிறகு ஃபாக்ஸ் வங்கி சாமர்செட், டெவன் பக்கமெல்லாம் பரவி, 1921இல் 55 கிளைகளோடு இருந்தது. ஆனால் நோட்டு உரிமை மட்டும் 1844இல் சின்ன வங்கியாக இருந்தபோது குறித்த அளவிலேயே உறைந்து நின்றது. வைப்புத்தொகையும் காசோலையும் பெருகிவிட்ட காலத்தில் அந்த நோட்டால் வந்த வருமானம் ஒன்றுமே இல்லாத மாதிரிதான். அப்படியும் ஏன் விடவில்லை? கொல்லையில் காய்க்காத தென்னையைத் தாத்தா வைத்தது என்று வெட்டாமல் விடுகிறோமே, அந்த மாதிரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1921இல் வங்கி லாய்ட்ஸோடு சேர்ந்தது, சட்டப்படி உரிமை அன்றோடு முடிந்தது. நெசவுத் தொழில் மட்டும் ஃபாக்ஸ் பிரதர்ஸ் என்ற பெயரில் இன்றும் அதே ஊரில் நடக்கிறது.

இணையத்தில் ‘பிரிட்டனில் கடைசியாக நோட்டு வெளியிட்ட தனியார் வங்கி’ என்று எழுதுகிறார்கள், அது தப்பு. இங்கிலாந்து, வேல்ஸ் அளவில் கடைசி என்பதே சரி. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சில வணிக வங்கிகள் இன்றைக்கும் தங்கள் பெயரில் நோட்டு வெளியிடுகின்றன. ஆனால் அதற்கு ஈடாகப் பணத்தை பாங்க் ஆஃப் இங்கிலாந்திடம் கட்டிவைக்க வேண்டும், ஆகவே பழைய ஊர் நோட்டு மாதிரி ஆளை நம்பி ஓடுவதில்லை.

நம் பக்கமும் இது நடந்திருக்கிறது, ஊர் வங்கி அளவில் இல்லாவிட்டாலும். சென்னையில் பாங்க் ஆஃப் மெட்ராஸ் வெளியிட்ட நோட்டுகள் 1861ஆம் ஆண்டுச் சட்டம் வந்து அரசு நோட்டு தொடங்கும் வரை ஓடின. இலங்கையில் ஓரியண்டல் வங்கியின் நோட்டுதான் ஊரெங்கும் புழங்கியது. காப்பிச் செடியில் இலைநோய் வந்து தோட்டங்கள் அழிந்தபோது, அவற்றுக்குக் கடன் கொடுத்திருந்த அந்த வங்கியும் 1884 மே மாதம் கதவைச் சாத்திவிட்டது. ஜனங்கள் கையிலிருந்த நோட்டு ஒரே நாளில் வெறும் தாள் ஆகியிருக்கும். ஆளுநர் ஆர்தர் கார்டன் ‘அந்த நோட்டுக்கு அரசு பொறுப்பு’ என்று அறிவித்ததால் தப்பினார்கள். அதே வருடம் இலங்கை அரசு நோட்டு வெளியிடும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டது. இன்று இந்தியாவில் ஒருவர் ஃபாக்ஸ் மாதிரி செய்ய நினைத்தால் 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். புரோநோட்டு எழுதலாம், உண்டியல் எழுதலாம், ஆனால் ‘கொண்டு வருபவருக்குக் கேட்டவுடன்’ என்று எழுதக்கூடாது. மேலே நான் சொன்ன அதே இரண்டு மாற்றத்தைத்தான் சட்டம் குறிபார்த்துத் தடுக்கிறது.

கடைசியாக, நோட்டு கிடைத்தால் செல்லுமா என்ற கேள்வி. கடையில் செல்லாது. அப்படியே யாராவது முகமதிப்புக்கு வாங்கிக்கொள்ள முன்வந்தாலும் கொடுத்துவிடாதீர்கள். சேகரிப்பவர்களிடம் அதன் விலை ஐந்து பவுண்டைவிட எத்தனையோ மடங்கு. வெலிங்டன் நோட்டுகள் அரிது, அதற்குக் காரணமும் அந்த வங்கியின் நாணயம்தான். ஒழுங்கான வங்கி, திரும்பி வந்த நோட்டுக்குக் காசைக் கொடுத்துவிட்டு, கையெழுத்தை வெட்டி எடுத்து ரத்து செய்துவிடும், அல்லது எரித்துவிடும். வீட்டு அலமாரிகளில் தங்கியதெல்லாம் பெரும்பாலும் விழுந்த வங்கியின் நோட்டு. எதிலும் மாற்ற முடியாமல் போனதால்தான் அவை பிழைத்துக் கிடக்கின்றன. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது, வேறொரு ஊர் வங்கியின் ஒரு பவுண்டு நோட்டு. முன்பக்கம் அழகான செதுக்கு வேலை. பின்பக்கம் திவால் விசாரணையில் காட்டியதற்கு ஒரு முத்திரை, அதற்குக் கீழே சொத்தை விற்றுக் கடன்காரருக்குப் பிரித்த பங்கு கொடுத்தாயிற்று என்று இரண்டு முத்திரை. நான்காக மடித்த தடத்தில் தாள் கிழிந்து, யாரோ பின்னால் இன்னொரு துண்டுத் தாளை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.